பனைமரம் மேற்கே இருக்கிறது

வக்கீல் தணிகாசலம் ஐயா காலமான சேதி வந்தபோது என் கையெல்லாம் சுண்ணாம்பு. மறுநாள் காலை பத்து மணிக்கு சர்வேயர் வந்து எங்கள் மனைகளை அளந்து கல் நடவேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு வந்திருந்தது. முப்பத்தெட்டு குடும்பம், ஆளுக்கு ஒரு மனை. காலனிப் பெண்கள் முள்ளை வெட்டி இடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். நான் நடவேண்டிய கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஐயாவிடம் பன்னிரண்டு வருசமாக ஜூனியராக இருக்கிற கலைச்செல்வி போன் செய்தது.

"அஞ்சலைம்மா, ஐயா போயிட்டாரும்மா. மத்தியானம் சாப்ட்டு படுத்தவரு, எழுந்துக்கலை."

எனக்கு அழுகை வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "நாளைக்குப் பத்து மணிக்கு அளக்க வராங்களேம்மா."

"அதே பத்து மணிக்குத்தாம்மா விழுப்புரத்துல எடுக்கறாங்க" என்றது அந்தப் பெண்.

மறுநாள் ஐயாவின் கடைசி ஊர்வலத்தில் எங்கள் காலனியிலிருந்து ஒரு ஆள் இல்லை. ஊர்வலத்துக்கு வந்த நீங்கள் அதைப் பற்றிப் பேசினீர்கள். பேசியது என் காதுக்கு வந்துவிட்டது. "மனை வாங்கிக் குடுத்த மனுசன், மொகத்தைப் பாக்கக்கூட ஒருத்தியும் வரலை பாரு" என்று சொன்னது யார், அதற்குத் தலையாட்டினது யார், எல்லாம் எனக்குத் தெரியும். பெயரை எழுதவில்லை. எழுதவில்லை என்பதால் மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.

நினைவு மலர் போடுகிறோம், நாங்களே ஒரு பக்கம் எழுதித் தருகிறோம், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று கட்சி ஆபீசிலிருந்து வந்து கேட்டார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். ஆனால் எழுதிக் கொடுத்ததைச் சொல்லி நாங்கள் ஒரு தடவை தோற்றவர்கள். அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். என் எழுத்து கோணலாக இருக்கும், ஞாபகம் கோணலாக இருக்காது. பிழை திருத்துகிற பேத்தியிடம், எழுத்தைத் திருத்து, சேதியில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு அவர் பெரிய தலைவர். மூன்று தடவை தேர்தலில் நின்று ஒரு தடவை ஜெயித்தவர். சட்டத்தைக் கூலிக்காரர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதினவர். வா, ஜட்ஜாக உட்கார் என்று கூப்பிட்டபோது, நான் கீழே நின்று கேட்கிறவன், மேலே உட்கார்ந்தால் கேட்க மறந்துபோகும் என்று சொல்லிவிட்டவர். இதையெல்லாம் நீங்கள் மேடையில் சொல்லிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்த ஐயா வேறு. அவர் தப்பு செய்த ஐயா.

நான் முதலில் அவரைப் பார்த்தபோது என் மகள் மல்லிகா இடுப்பில் இருந்தாள். சர்க்கார் எங்களுக்கு மனைப்பட்டா கொடுத்து, இடத்தை அளந்து கல்லும் நட்டார்கள். அந்த இடம் முன்னே பெரிய வீட்டுக்காரருடையது. சர்க்கார் அதற்கு அவருக்குப் பணம் கொடுத்துவிட்டது. ஆனாலும் நாலாம் நாள் காலையில் அவர் ஆட்கள் கடப்பாரையோடு வந்து கல்லை எல்லாம் பிடுங்கினார்கள். களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பெண்கள் நின்று பார்த்தோம். அடுத்த வாரம் அதே இடத்தை உழுது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுவிட்டார்கள். எங்கள் கையில் பட்டா இருந்தது, காலுக்குக் கீழே மனை இல்லை.

திண்டிவனத்தில் கோர்ட்டுக்குப் பின்னால், ஒரு டீக்கடைக்கு மேலே அவர் அறை. ஏறிப் போனோம். ஐயாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டின வயது. காதில் பென்சில் சொருகியிருந்தார். நாங்கள் தரையில் உட்காரப் போனதைப் பார்த்துவிட்டு அவரும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஐயா இல்லைம்மா, தோழர்னு கூப்பிடு."

"எங்க ஊட்டுக்காரரையே பேர் சொல்லிக் கூப்ட்டது இல்ல. உங்களை எப்டிங்க தோழர்னு கூப்பிடறது?"

"உங்க ஊட்டுக்காரரை என்னன்னு கூப்பிடுவே?"

"இந்தாய்யான்னு கூப்பிடுவேன்."

"அப்ப நான் ஐயாவாவே இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மனுவாக இருந்தாலும் மூன்று தடவை சத்தமாகப் படித்துக் காட்டுவார். பிறகு நம்மைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். திருப்பிச் சொன்னால்தான் கைரேகை வைக்க விடுவார். முன்னே ஒரு பண்ணையாள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ரேகை வைத்துத் தன் குடிசையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டானாம். "படிச்சுக் காட்டாத காகிதத்துல ரேகை வைக்கிறதும், கண்ணை மூடிக்கினு கெணத்துல காலை வைக்கிறதும் ஒண்ணு" என்பார். அவரைத் தெரிந்த எல்லாரும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

எனக்கு ரெண்டாவது தடவையிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் ஒரு வரி, "கிழக்கே உள்ள ஒற்றைப் பனைமரத்தின் அருகிலிருந்து பார்த்தோம்" என்று இருந்தது. எனக்கு முள் குத்தினது போல ஆயிற்று.

"ஐயா, பனைமரம் மேக்கால இருக்குதுங்க."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கீழே யாரோ ஜல்தி வாங்க என்று கூப்பிட்டார்கள். "டைப் அடிச்சாச்சு அஞ்சலை. எழுதினபடி சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

மற்ற நாலு பெண்களுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். களையெடுக்கும்போது நான் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல, நடவுப் பாட்டு மாதிரி வயல் முழுக்க மனு கேட்கும். முனியம்மாவுக்கு மட்டும் "மேற்படி" என்கிற வார்த்தை வாயில் நுழையவே இல்லை. "இன்னாத்துக்குடி இந்த மேப்படி? பேஜாரா கீது" என்பாள். அவளையும் நான் விடவில்லை.

கோர்ட்டில் முதல் பெண் ஏறினாள். என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். மனுவை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். ரெண்டாவது பெண்ணும் அதே. மூன்றாவதும் அதே. முனியம்மா மேற்படியை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதைச் சொன்னாள். கோர்ட்டில் ஒருத்தர் ரெண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் நான் ஏறினேன்.

ஜட்ஜ் என்னைக் கேட்டார்: "காலையில களையெடுக்கப் போனப்ப சூரியன் எங்கம்மா இருந்தது?"

"மூஞ்சிக்கு நேரா இருந்துதுங்க."

"அப்ப பனைமரம்?"

பனைமரம் எனக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் தெரியும். ஐயாவைப் பார்த்தேன். அவர் காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. எழுதினபடி சொல்லு என்று சொன்னது ஞாபகம் வந்தது. "கிழக்கேங்க" என்றேன்.

ஜட்ஜ் சர்க்கார் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். மரம் மேற்கே. ஐந்து பேரும் ஒரே வாயால் ஒரே தப்பைச் சொன்னால், அது கண்ணால் பார்த்த சாட்சி இல்லை, சொல்லிக் கொடுத்த சாட்சி என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடப்பாரை எடுத்தவர்கள் விடுதலையாகி எங்களுக்கு முன்னாலேயே படி இறங்கிப் போனார்கள்.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். அடுத்த மாசம் விழுப்புரம் மைதானத்தில் கூட்டம். ஆயிரம் பேராவது இருப்பார்கள். முன்வரிசையில் நான் மல்லிகாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஐயா பேசினார். சாட்சிகளைத் தயார் செய்யாமல் போகக்கூடாது என்று சொல்ல வந்தவர், "நம்ம திண்டிவனத்துப் பொம்பளைங்க பனைமரத்தையே நடக்க வச்சு கெழக்கால கொண்டாந்துட்டாங்க" என்றார். ஆயிரம் பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் மகள், எதற்கென்று தெரியாமல், அவளும் கை கொட்டிச் சிரித்தாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஆறு வருசம் அவரோடு பேசவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் நின்று பார்ப்பார். பார்க்கட்டும் என்று விடுவேன்.

நடுவில் ஐயா எம்.எல்.ஏ. ஆனார். காலனியே சேர்ந்து விழுப்புரத்தில் அவர் வீட்டுக்குப் போனது. நானும் போனேன். என் கோபத்துக்காகக் காலனியின் மனை போகவேண்டாம் பாருங்கள். ஆனால் நேராகப் பேசமாட்டேன். பக்கத்தில் முனியம்மாவை நிறுத்திக்கொண்டேன்.

"முனிம்மா, ஆபீசருக்கு ஒரு வார்த்தை சொல்லி கல்லை நடச் சொல்லுவாரான்னு அவரைக் கேளு."

அவரும் முனியம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார். "முனியம்மா, நான் சிபாரிசு பண்ணா நாளைக்கே கல்லு நட்டுடுவாங்க. நான் எறங்கின மறுநாள் திரும்ப புடுங்கிடுவாங்க. சிபாரிசுக்கு ஆயுசு அஞ்சு வருசம். தீர்ப்புக்குப் பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் ஆயுசு. சிவில் கேஸ் போடலாம்னு அவங்ககிட்ட சொல்லு."

"யக்கா, உனக்குக் காது கேட்டுதுல்ல? நான் வேற திரும்பச் சொல்லணுமா?" என்றாள் முனியம்மா.

பதவி வந்ததும் சட்டம் பேசுகிறார் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். எங்களுக்கு ரெண்டு ஊர் தள்ளி இருக்கிற காலனிக்கு வேறொருத்தர் சிபாரிசில் பாதை போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் பொறாமைப்பட்டோம். அடுத்த தேர்தல் முடிந்த ஒரே மாசத்தில் அந்தப் பாதையில் முள்வேலி போட்டுவிட்டார்கள். அந்த வேலியைப் பார்த்த அன்றைக்கு ஐயா சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் தேர்தலில் ஐயாவும் தோற்றார். தோற்ற பதினைந்தாம் நாள், நாங்கள் மல்லாட்டை பிடுங்கிக் காய் ஆய்ந்துகொண்டிருந்த கொல்லைக்கு வந்தார். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, என் எதிரே உட்கார்ந்து, ஒரு கட்டுச் செடியை எடுத்துக் காய் ஆய ஆரம்பித்தார். காயோடு இலையும் வேருமாக வந்தது. ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"பனைமரம் எந்தப் பக்கம் அஞ்சலை?"

"மேக்கால."

"அன்னைக்கே சொன்னே."

"சொன்னேன்."

"நான் கேக்கலை."

"கேக்கலை."

"தப்பு என்னுது. சாட்சியைக் கேக்காம சாட்சிக்குச் சொல்லிக் குடுத்தேன். மன்னிச்சுக்கோ."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாம் காய் ஆய்வதை நிறுத்திவிட்டார்கள். ஒரு எம்.எல்.ஏ.வாக இருந்தவர் கூலிக்காரியிடம் மன்னிப்புக் கேட்டால் எந்த மனசும் இளகும். என் மனசு அவ்வளவு சீக்கிரம் இளகாது.

"ஆயிரம் பேர் எதிர்ல சிரிச்சீங்க. மல்லாட்டைக் கொல்லியில வந்து மன்னிப்பு கேக்கறீங்க. மேடையில சொல்லுங்க" என்றேன்.

"சரி" என்றார். கோபமே இல்லை. "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்குக் காலையில நீ என்ன பாத்தே? மனுவுல இருக்கிறது வேணாம். உன் கண்ணு பாத்தது."

நான் சொன்னேன். தூக்குப்போசியில் கேப்பைக்கூழ் எடுத்துக்கொண்டு போனதை, தூரத்தில் இரும்பு கல்லில் படுகிற சத்தம் கேட்டதை, பிடுங்கின ஒரு குழியில் முந்தின நாள் மழைத் தண்ணீர் ஊறி அதில் தவளை குதித்ததை, ஒரு கல் மட்டும் வராமல் பாதியில் உடைந்ததை, "விடுடா, மேல மண்ணைத் தள்ளு" என்று ஒருத்தன் சொன்னதை. ஐயா காது பென்சிலை எடுத்தார். எழுதிக்கொள்ளக் காகிதம் இல்லை. உள்ளங்கையிலேயே எழுதினார்.

"ஒடைஞ்ச கல்லா? மண்ணுக்குள்ளேயேவா கீது?"

"எங்கே போவும்? பனைமரத்துல இருந்து எனக்குத் தெரியும், எத்தனையாவது எட்டுல இருக்குதுன்னு."

"இதை ஏன் கோர்ட்டுல சொல்லலை?"

"மனுவுல இல்லையே."

அந்த மனுசன் தலையில் கை வைத்து உட்கார்ந்ததை இன்றைக்கும் பார்க்கிறேன்.

மேடையில் சொன்னாரா என்று கேட்பீர்கள். சொன்னார். திண்டிவனத்தில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் சொன்னார். ஆனால் அன்றைக்கு மழை. மைக்செட்காரரையும் சேர்த்து நாற்பது பேர் இருந்தால் அதிகம். இறங்கி வந்து, "திருப்திதானே?" என்றார். "விழுப்புரத்துல ஆயிரம் பேர், திண்டிவனத்துல நாப்பது பேர். அதுலயும் பாதி பேர் மழைக்கு ஒதுங்கினவங்க" என்றேன். "நீ எதிர்க்கட்சி வக்கீலா பொறந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பேச ஆரம்பித்தோம். ஆனால் அந்தக் கோபத்தில் பாதியை நான் விடவில்லை. அது அவருக்கும் தெரியும்.

சிவில் கேஸ் போட்டார். இந்தத் தடவை மனுவை எங்களுக்குப் படித்துக் காட்டினார், ஆனால் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியையும் தனியாக உட்காரவைத்து, நீ என்ன பார்த்தாய் என்று கேட்டார். முனியம்மா கல் பிடுங்கினதைச் சரியாகப் பார்க்கவே இல்லையாம். கடப்பாரை வைத்திருந்தவன் யார் மருமகன் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அதையே சொல்லு" என்றார். கோர்ட்டில் நாங்கள் ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னோம். ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்கு ஒட்டவில்லை, ஆனால் எல்லாம் அந்த ஒரு காலையில்தான் போய்ச் சேர்ந்தது. கோர்ட்டு கமிஷனரை அனுப்பியது. நான் பனைமரத்தில் முதுகை வைத்து நின்று, சூரியனைப் பார்த்து எட்டு வைத்து நடந்து, "இங்க தோண்டுங்க" என்றேன். மண்வெட்டி நாலு தடவை இறங்கியது, ஐந்தாவது தடவை ணங் என்றது. உடைந்த கல், சர்க்கார் குறியோடு. ஐயா வரப்பில் நின்று கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேஸ் நடக்கும்போதுதான் அவர் தாயார் தவறினார். எனக்குச் சாட்சி நாள். அடக்கம் ஆன மறுநாள். வாய்தா வாங்குவார் என்று நாங்கள் மெதுவாகப் போனோம். அவர் எங்களுக்கு முன்னால் கோட்டோடு கோர்ட்டு வாசலில் நிற்கிறார். எனக்கே பொறுக்கவில்லை.

"பெத்த தாய்க்கு ஒரு நாள் ஊட்ல இருக்கக் கூடாதாய்யா? ஒரு வாய்தா வாங்கினா இன்னா?"

"எங்கம்மாவுக்கு இனிமே அவசரம் இல்லை அஞ்சலை. உங்களுக்கு இருக்கு" என்றார். பிறகு எதிர்த்தரப்புக்காரர்களைக் காட்டி, "வாய்தா வாங்கறது அவங்க ஆயுதம். நாம அதைக் கையால தொடக்கூடாது. செத்தாலும் தொடக்கூடாது" என்றார்.

கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தோம். அவர்கள் மேலே போனார்கள். அங்கேயும் ஜெயித்தோம். இன்னும் மேலே போனார்கள். மல்லிகாவுக்குக் கல்யாணம் ஆகி, அவள் மகள் காலேஜில் சேர்ந்த பிறகுதான் கடைசித் தீர்ப்பு வந்தது. ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு வாய்தா அவர் கேட்டதில்லை. கல் நடுகிற அன்றைக்கு நான் கட்டாயம் வருவேன், எனக்குக் கேப்பைக்கூழும் மாங்காயும் எடுத்து வை என்று போனில் சொன்னார். மாங்காய் வாங்கி வைத்திருந்தேன்.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். சேதி கேட்டதும் காலனியே தண்ணீர் டேங்குக்குக் கீழே கூடிவிட்டது. கட்சியிலிருந்து ரெண்டு வேன் அனுப்புகிறோம் என்றார்கள். முனியம்மா மகன் சேகர், "ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லலாம். ஊரே போவுது, நாம போவாம இருந்தா மனுசங்களா?" என்றான். கலைச்செல்வியைப் போனில் கேட்டோம். அது அழுதுகொண்டே சட்டத்தைச் சொன்னது: "கேட்டா தேதி குடுப்பாங்க. எப்ப குடுப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அளக்கும்போது ஆளுங்க இல்லைன்னா, இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அதை வச்சு அவங்க திரும்ப மேல போலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐயாவோடு அதிகம் சண்டை போட்டவள் நான்தான், அதனால் நான் சொல்லவேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

"அவர் பொணத்துக்கு மாலை போட நாம வாய்தா வாங்கணுமா?" என்றேன். "அவரே எழுந்து வந்து நம்மளைத் தொரத்துவாரு. யாரும் போவக்கூடாது. ஒருத்தி போனா பின்னாலயே நாலு பேர் போவீங்க. அவங்க அவங்க மனையில அவங்க அவங்க நிக்கணும்."

சேகர் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றான். சொல்லிவிட்டுப் போகட்டும். வேன் வந்து காலியாகத் திரும்பிப் போனது. அதை எல்லாரும் பார்த்தீர்கள். அது காலியாகப் போன காரணம் இதுதான்.

காலை பத்து மணிக்கு சர்வேயர் வந்தார். அவருக்கு முன்னால் கலைச்செல்வி வந்து நின்றது. கறுப்புக் கோட்டு, வீங்கின கண்ணு. ஐயாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய பெண். ஒரு சொம்பு கூழ் கொடுத்தேன். நின்றபடி குடித்தது.

பெரிய வீட்டுக்காரர் எப்போதோ போய்விட்டார். அவர் மகன் குடையோடு வந்தார். "உங்க வக்கீலே போயிட்டாராமே. இன்னும் இன்னாத்துக்கு நிக்கறீங்க?" என்றார்.

முனியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வக்கீல் போயிட்டாரு. பனைமரம் போவலையே" என்றாள். அந்த ஆள் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.

சர்வேயர் மேற்கே பனைமரத்துக்குப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தார். சங்கிலியை இழுத்துக்கொண்டே போகப்போக, ஒவ்வொரு மனையிலும் ஒரு குடும்பம் நின்று ஆமாம் ஆமாம் என்றது. கல் இறங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிடுங்கும்போது கேட்ட சத்தமும் இப்படித்தான் இருந்தது. ஆனால் இது வேறு சத்தம். சேகர் தன் மனையில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். பிறகு என்னிடம் வந்து, "பெரிம்மா" என்றான். அவ்வளவுதான். அவனை மன்னித்துவிட்டேன். சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவன்.

கடைசிக் கல் நட்ட பிறகு கலைச்செல்வி பனைமரத்தடியில் என்னோடு உட்கார்ந்தது. "இந்த மரம்தானாம்மா?" என்று அண்ணாந்து பார்த்தது. "ஐயா ரூம்ல அந்தப் பழைய மனுவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காரு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நாங்கள் போகும்போதெல்லாம் கீழே உட்கார்ந்து பேசுவோம், சுவரை யார் பார்த்தது.

"ஜூனியரா சேர்ற முத நாளு எல்லாருக்கும் அதைப் படிக்கக் குடுப்பாரும்மா. இதுல என்ன தப்புன்னு கேப்பாரு. நாங்க சட்டத்துல தேடுவோம், செக்ஷன்ல தேடுவோம். யாருக்கும் கிடைக்காது. அப்புறம் அவரே சொல்லுவாரு: 'தப்பு கிழக்கேன்னு இருக்கிற எடத்துல இருக்கு. அஞ்சலைன்னு ஒரு அம்மா மேற்கேன்னு சொன்னாங்க. இதை எழுதினவன் காதுல வாங்கலை. எழுதினவன் நான்.' எனக்கும் சொன்னாரு. எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் சொல்லியிருக்காரு. லா காலேஜுக்குப் பேசப் போனாலும் இதைத்தான் சொல்லுவாரு."

"லா காலேஜுல எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு கிளாசுக்கு அறுபது எழுபது பேர் இருப்போம்மா. வருசா வருசம் போவாரு."

நான் மனசுக்குள்ளே கூட்டிப் பார்த்தேன். பிறகு கூட்டுவதை விட்டுவிட்டேன். கலைச்செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழறீங்களா?" என்றது. "சுண்ணாம்பு கண்ணுல பட்டுது" என்றேன். சுண்ணாம்பு அடித்தது முந்தின நாள்.

மூன்றாம் நாள் காலனியே கிளம்பி விழுப்புரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனோம். ஐயா சம்சாரம் சரோஜா டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். எங்களை ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டியதை மட்டும் கேட்டார்.

"எல்லாக் கல்லும் நின்னுதா?"

"நின்னுதுங்க டீச்சர்."

"சரி, உள்ள வாங்க. காபி போடறேன்" என்றார். குடித்த பிறகுதான் எல்லாரும் சேர்ந்து அழுதோம்.

அந்த மனுவை எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கலைச்செல்வி என்னைக் கேட்டது. வேண்டாம் என்றேன். அது அந்தச் சுவரிலேயே இருக்கட்டும். வருகிற ஜூனியர் எல்லாம் தேடட்டும்.

இந்த மலரை விழுப்புரத்துக் கூட்டத்தில்தான் வெளியிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதே மைதானம். ஆயிரம் பேருக்கு மேல் வருவார்கள். நான் எழுதினதை மேடையில் யாராவது சத்தமாகப் படிக்கவேண்டும். மழை வந்தால் நின்ற பிறகு படிக்கவேண்டும். அதோடு என் மீதிக் கோபமும் தீர்ந்தது. அவர் மேல் இருந்த கோபம் மட்டும்தான். மற்றவர்கள் மேல் இருப்பது இருக்கிறது.

போன வாரம் திருவாமாத்தூர் பக்கத்திலிருந்து நாலு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கும் பட்டா இருக்கிறது, மனை இல்லை. கலைச்செல்வி கேஸ் எடுத்திருக்கிறது. "யக்கா, நீ கோர்ட்டுல ஜெயிச்சவளாமே. நாங்க இன்னா சொல்லணும்னு சொல்லிக் குடு" என்றாள் ஒருத்தி. இடுப்பில் கைப்பிள்ளை.

மாங்காய் வெட்டிக் கூழ் ஊற்றிக் கொடுத்தேன். என் மனையில், என் கல்லுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, நானும் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"நான் சொல்லிக் குடுக்க மாட்டேன்" என்றேன். "நீ இன்னா பாத்தே? அதைச் சொல்லு. நான் கேக்கறேன்."